டாக்டர் சொல்லி முடிக்கும் முன் எழுந்து வந்தோம்

மகிழினி, உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட எனக்குச் சில நாட்களே கிடைத்தன.

எனக்கு முகமெல்லாம் சீழ்ப் பருக்கள். கல்யாணம் நிச்சயமானதும் அம்மா என்னை ஆரணியில் தோல் டாக்டரிடம் கூட்டிப்போனார். மாத்திரை எழுதும் முன் கர்ப்பப் பரிசோதனை எடுக்கச் சொன்னார் டாக்டர்.

“கல்யாணம் ஆவாத பொண்ணுக்கு இன்னா டெஸ்ட்டு கேக்கறீங்க? எழுந்து வாடி!” என்று அம்மா கத்தினார். டாக்டர் காரணம் சொல்லி முடிப்பதற்குள் வெளியே வந்துவிட்டோம்.

பக்கத்துத் தறியில் நெய்யும் அக்கா, தான் பருவுக்குச் சாப்பிட்ட மாத்திரையின் அட்டையைத் தந்தார். “இத்த கடையில காட்டு. கல்யாணத்துக்குள்ள மூஞ்சி பளபளன்னு ஆயிடும்டி.” மருந்துக்கடையில் ஒன்றும் கேட்காமல் கொடுத்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகும் சாப்பிட்டேன்; அப்படியே கர்ப்பமானேன்.

ஸ்கேனில் குழந்தையின் இதயம் சரியில்லை என்றார்கள். அந்த மாத்திரை வயிற்றிலுள்ள குழந்தையைக் கெடுக்கும், நிறுத்திய பிறகும் ஒரு மாதம் கரு தரிக்கக் கூடாது, டாக்டர் டெஸ்ட் கேட்டதும் அதனால்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. பிறந்த வாரமே மகிழினி போய்விட்டாள்.

இப்போது பருவுக்கு மாத்திரை தேடும் பெண்களோடு நானே டாக்டரிடம் போகிறேன். டெஸ்ட் என்றதும் முகம் சுளிக்கும் அம்மாக்களிடம், “அவங்க சொல்றத முழுசா கேளுங்கம்மா” என்கிறேன்.

என் மகளுக்காக எல்லாரும் வேண்டிக்கொள்ளுங்கள்.