காலை வணக்கம் தானாகப் போகும்

தைவானின் கீலுங் துறைமுகத்தில் மழை நின்றால்தான் செய்தி. அந்த மழைக்கு அடுத்தபடியாக மான்-லி நம்பிய ஒன்று உண்டு. அவளுடைய கைபேசியின் ஓரத்தில் அவ்வப்போது முளைக்கும் சிவப்புப் புள்ளி. புதிய பதிப்பு வந்திருக்கிறது என்று அர்த்தம். மற்றவர்கள் அதைக் கொசுவை விரட்டுகிற மாதிரி விரட்டிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். மான்-லி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

இளமையில் அவள் நகரப் பேருந்தில் விசில் ஊதிச் சீட்டுக் கிழித்தவள். தலை எண்ணிச் சரிபார்க்காமல் அவள் வாயிலிருந்து விசில் வராது, ஓட்டுநர் என்னதான் குதித்தாலும். பேருந்துக் கம்பெனி கண்டக்டர் பெண்களை வீட்டுக்கு அனுப்பிப் பல காலம் ஆகிவிட்டது. புருஷன் வேறு வீடு பார்த்துக்கொண்டு போயும் கிட்டத்தட்ட அவ்வளவு காலம். எண்ணுகிற பழக்கம் மட்டும் அவளை விட்டுப் போகவில்லை.

படத்தில் வேண்டாத ஆளை அழிக்கிற வசதி வந்தபோது, முதல் வேலையாகக் கல்யாணப் படத்திலிருந்து புருஷனை அழித்தாள். அவன் நின்ற இடத்தில் கைபேசியே பார்த்து ஒரு பூந்தொட்டியை வைத்துக் கொடுத்தது. "இதையே கட்டியிருக்கலாம். தண்ணி ஊத்தினா வீட்டோட கிடந்திருக்கும்" என்று தோழிகளுக்கு அனுப்பி வைத்தாள்.

தோழிகள் என்றால் பழைய விசில்காரிகள். அவர்களுக்கென்று கைபேசியில் ஒரு குழு. தினமும் விடிந்ததும் ஒவ்வொருத்தியும் அதில் ஒரு படம் போட வேண்டும்: தாமரை, கொக்கு, உதிக்கிற சூரியன், மேலே கொட்டை எழுத்தில் "காலை வணக்கம், வெந்நீர் குடியுங்கள்." பேரப்பிள்ளைகள் இதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரிக்கட்டும். முன்பு இவர்களில் ஒருத்தி தனியாகக் கிடந்து, ரொம்பத் தாமதமாகக் கண்டுபிடிக்கப்பட்டாள். அதற்குப் பிறகு யாரும் கூடிப் பேசாமலே ஏற்பட்ட வழக்கம் இது. மீன் சந்தை கலைவதற்குள் யாருடைய படம் வரவில்லையோ அவளுக்கு மான்-லி போன் அடிப்பாள். எடுக்காவிட்டால் பக்கத்தில் குடியிருப்பவள் போய்க் கதவைத் தட்டுவாள். தட்டுகிறவள், "சும்மா இந்தப் பக்கமா வந்தேன்" என்பாள். திறக்கிறவளும் நம்பிவிட்டதாக முகத்தை வைத்துக்கொள்வாள். எதற்காகத் தட்டுகிறோம் என்று ஒருநாளும் ஒருத்தியும் சொன்னதில்லை. அந்த வார்த்தையை வாயால் சொன்னால் அது வாசலுக்கு வந்துவிடும்.

எல்லோருக்கும் கடைசியாகப் படம் போடுகிறவள் சு-சின். மலைச்சரிவில் மின்தூக்கி இல்லாத கட்டடத்தின் உச்சி மாடியில் தனியாக இருந்தாள். மகன் தெற்கே தூரத்துக் காவ்ஸ்யூங் நகரத்தில். அவளுக்குக் காலைத் தூக்கம்தான் ஒரே சொத்து. மான்-லியின் போன் அதைக் கலைத்தால் போதும், பிடித்துக்கொள்வாள்.

"இருக்கேண்டி, இருக்கேன்! கக்கூஸ் போறதுக்கும் உங்கிட்ட சீட்டு வாங்கணுமா?"

"படத்தைப் போட்டுட்டுப் போய்த் தூங்கேன், யாரு வேணாங்கிறா?"

"நீ விசில் ஊதினா நிக்கிறதுக்கு நான் என்ன பஸ்ஸா?"

யார் எதைச் சொன்னாலும் அவளிடம் பதில் இல்லாமல் போனது கிடையாது. ஒன்று கொடுத்தால் மூன்றாகத் திரும்பி வரும்.

போன குளிர்காலத்தில் வந்த பதிப்பில் "தினப்படி வேலை" என்று ஒரு வசதி இருந்தது. நீங்கள் தினமும் செய்வதைக் கைபேசி கவனித்துக்கொண்டே இருக்கும். ஒருநாள் பணிவாகக் கேட்கும், இதை இனி நானே செய்துவிடட்டுமா என்று. மான்-லி சோயாப்பால் கடையில் எல்லோரையும் கூட்டிவைத்துக் காட்டினாள். படத்தை அதுவே தேர்ந்தெடுக்கும். நாள் கிழமை பார்த்து வாசகத்தை மாற்றும். நேரத்துக்கு அனுப்பியும்விடும்.

"அப்ப நான் தூங்கிக்கிட்டே வணக்கம் சொல்லலாமா?" என்று சு-சின் கையிலிருந்த எண்ணெய் ரொட்டியை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"குறட்டை விட்டுக்கிட்டே சொல்லலாம்."

"இந்தா பிடி என் போனை. நீ பொறந்ததுக்கு இன்னிக்குத்தான் ஒரு நல்ல காரியம் பண்ணியிருக்கே."

மற்றவர்களும் கைபேசியை நீட்டினார்கள். ஃபெங்-யிங் மட்டும் பால் கிண்ணத்தைப் பார்த்தபடி இருந்தாள். அவர்களில் மூத்தவள், மீன் கடைக்காரனின் விதவை, குரல் கப்பல் சங்கு மாதிரி.

"அதுவே அனுப்பிடுச்சுன்னா, அப்புறம் நாம எப்படித் தெரிஞ்சுக்கிறது, ஒருத்தி..." என்று ஆரம்பித்தாள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். "ஒண்ணுமில்ல. பால் ஆறிடுச்சு" என்று முடித்துக்கொண்டாள். பிறகு அவளும் கைபேசியை நீட்டினாள்.

அவள் எதைச் சொல்ல வந்தாள் என்று அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மான்-லிக்கும்தான்.

மறுநாளிலிருந்து சு-சின்தான் முதல். சூரியன் வராத ஊரில் சூரியனுக்கு முன்னால் அவளுடைய சூரியன் வந்தது. குழுவில் பாராட்டு குவிந்தது. மான்-லிக்கு உள்ளுக்குள் கொஞ்சம் எரிச்சல், இத்தனை வருஷமாக முதலிடம் அவளுடையது. ஆனால் எண்ணிக்கை தினமும் சரியாக இருந்தது. யாருக்கும் போன் அடிக்க வேண்டியிருக்கவில்லை. யாரும் யார் கதவையும் தட்டவில்லை. மழைக்காலம் நிம்மதியாகப் போயிற்று.

பிறகு கல்லறை நாள் வந்தது. முன்னோர் சமாதியில் புல் வெட்டி, ஊதுவத்தி ஏற்றி வைக்கிற நாள். அன்றைக்கு யாரும் யாருக்கும் வாழ்த்துச் சொல்வதில்லை. கைபேசிக்கு அது எப்படித் தெரியும்? நாள்காட்டியில் விடுமுறை என்று பார்த்தது. பலூனும் கேக்குமாக "இனிய கல்லறை நாள் வாழ்த்துகள்!" என்று வரிசையாக அனுப்பிவிட்டது.

குழு பற்றிக்கொண்டது.

"யாருடி இது, சமாதிக்கு பலூன் கட்டுறது?"

"ஐயோ, என்னோடதும் போயிருக்கே! சாமி, மன்னிச்சுக்கோ!"

"ஃபெங்-யிங் அக்கா, அத்தானுக்கு மெழுகுவத்தி ஊதச் சொல்லித் தருவீங்களா?"

"உன் வாய்ல தீயை வைக்க. மான்-லி, இதை எப்படி அழிக்கிறதுன்னு சொல்லு!"

ஒவ்வொருத்தியாகப் படத்தை அழித்தார்கள். கடைசியில் ஒரே ஒரு கேக் மிஞ்சி நின்றது. சு-சினுடையது. மான்-லி சிரித்துக்கொண்டே எழுதினாள்: "சு-சின், மாமியார் சமாதியில கேக் வெட்டப் போறியா? எனக்கும் ஒரு துண்டு எடுத்து வை."

மாமியாரைத் தொட்டால் சு-சின் பொங்கிவிடுவாள். மான்-லி காத்திருந்தாள். பதில் இல்லை. போன் அடித்தாள். அது அடித்து ஓய்ந்தது.

சு-சின் வீட்டுக்குப் பேருந்தில் போகும்போது கைபேசியில் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே வந்தாள். தாமரை. கொக்கு. சூரியன். சூரியன். இவள் கடைசியாக வாயாடியது எப்போது? தள்ளத் தள்ளப் பூக்களாகவே வந்தன.

உச்சி மாடிக் கதவுக்கு வெளியே சு-சினின் குடை சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. மான்-லி அதைத் தொட்டுப் பார்த்தாள். குடை காயாத ஊரில் அது மொரமொரவென்று காய்ந்திருந்தது.

பூட்டுக்காரன் வந்தான், போலீஸ் வந்தது, தோழிகளும் வந்து சேர்ந்தார்கள். சு-சின் சமையலறைத் தரையில் கிடந்தாள். கைபேசி படுக்கையறையில், சார்ஜரில். விழுந்த பிறகு, கொக்கியில் தொங்கிய துண்டை இழுத்து மடித்துத் தலைக்கடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அந்தத் துண்டைப் பற்றி அதிகாரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். கிழவிகளின் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். சொல்ல வேண்டியதில்லை. வசதியாகப் படுத்துக் காத்திருந்தாள். படம் வராவிட்டால் அவர்கள் வந்துவிடுவார்கள் என்று இத்தனை வருஷப் பழக்கம் அவளுக்கு.

மறுநாள் காலை குழுவில் முதல் வணக்கம் சு-சினுடையது. மகன் சாவு வீட்டில் கைபேசியை மான்-லியிடம் நீட்டினான். "ஆன்ட்டி, இதை எப்படி நிறுத்துறது?" பூட்டெண் அவளுக்குத் தெரியும், வைத்துக் கொடுத்ததே அவள்தான். நிறுத்தினாள்.

குழுவில் அதற்குப் பிறகும் பூக்கள் நேரத்துக்கு வந்துகொண்டிருந்தன. தானாக அனுப்புவதை யாராவது நிறுத்தினார்களா என்று கேட்க வேண்டுமானால் ஏன் நிறுத்த வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒருத்தியும் கேட்கவில்லை.

மான்-லி தன்னுடையதை அணைத்தாள். அடுத்த நாள் படம் போடவில்லை. நாற்காலியை வாசல் கதவைப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். மீன் சந்தை கலைந்தது. கைபேசி பேசவில்லை. மதியக் கஞ்சி ஆறியது. துறைமுகத்தில் விளக்கு போடத் தொடங்கினார்கள். தான் இந்நேரம் தரையில் கிடந்தால், துண்டு கைக்கு எட்டியிருக்குமா என்று பார்த்தாள். எட்டாது.

இருட்டும் வேளையில் படிக்கட்டில் மூச்சிரைக்கும் சத்தம். கதவு அதிர்ந்தது.

"மான்-லி! ஏண்டி, செத்துட்டியா? செத்துட்டியாடி? சொல்லு!"

அந்த வார்த்தை கட்டடம் முழுக்கக் கேட்டது. எதிர் வீட்டுக் கதவு திறந்து மூடிக்கொண்டது.

மான்-லி எழுந்து திறந்தாள். "இல்லக்கா."

ஃபெங்-யிங் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "காலைல நான் பாக்கவே இல்லடி. எம் போன் அனுப்பிடுச்சு, நான் மறந்துட்டேன். இப்பத்தான் எண்ணினேன்." கைபேசியை எடுத்து நீட்டினாள். "இதை நிறுத்திக் கொடு. எனக்குத் தெரியாது."

மான்-லி வாங்கினாள். நிறுத்தினால் நீங்களே தினமும் செய்ய வேண்டியிருக்கும், உறுதியாகவா, என்று அது பணிவாகக் கேட்டது. கண்ணாடி மங்கியிருந்ததால் ஆமாம் என்ற பொத்தானைத் தேட வேண்டியிருந்தது. வாசலில் ஃபெங்-யிங்கின் குடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.