பதினேழாம் கட்டில்

என் வீட்டுக்காரர் பேசமாட்டார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் என்மேல் பழி வரக் கூடாது பாருங்கள். குழாய் வேலை அவருக்கு. கல்யாணத்தன்றே என் சித்தி, "மாப்பிள்ளை சரியான கல்லுளிமங்கனா இருக்காரேடி" என்று காதைக் கடித்தாள். அப்படிப்பட்ட மனிதர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சபையில் கை தூக்கினார். மருத்துவக் கப்பல் ஒன்றுக்குக் குழாய் வேலை தெரிந்த ஆள் வேண்டும், இரண்டு வருஷ ஊழியம், சம்பளம் கிடையாது, குடும்பத்தோடு வரலாம் என்று போதகர் அறிவித்து வாய் மூடவில்லை, இவர் கை மேலே போய்விட்டது. பக்கத்தில் நான் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?

கேட்டிருந்தால் நானும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். அது வேறு விஷயம்.

கடல் கடந்து வந்து, ஒரு துறைமுகத்தில் கட்டிப்போட்டிருந்த வெள்ளைக் கப்பலின் நான்காம் தளத்தில் குடியேறினோம். ஒரே அறை. மேலும் கீழுமாகக் கட்டில்கள், நடுவில் ஒரு திரை, சுவரோடு மடக்குகிற மேசை, வட்ட ஜன்னல். காலை வெயில் தண்ணீர்மேல் பட்டு, ஜன்னல் வழியாக ஏறி, கூரையில் அலையலையாக ஆடும். படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தால் நானும் அவரும் எங்கள் பாப்பாவும் தண்ணீருக்கடியில் கிடக்கிறோமோ என்று இருக்கும். எழுந்து பல் தேய்க்கிற வரைக்கும் அந்த மயக்கம் போகாது. ஆறு மாதத்தில் தரை ஆடுவதே எனக்கு மறந்துவிட்டது. கரையில் இறங்கினால்தான் கால் தள்ளாடியது.

அவர் விடிந்ததும் சுவரில் காதை வைத்துக்கொண்டு நிற்பார். சுவருக்குள் தண்ணீர் எங்கெங்கோ போய்க்கொண்டிருக்கும். எந்தத் தளத்தில் யார் குளிக்கிறார்கள், எங்கே குழாய் கசிகிறது என்பதெல்லாம் அவருக்குக் கேட்குமாம். அந்தக் காதில் பாதியை என் பேச்சுக்குக் கொடுத்திருந்தால் எங்கள் வீட்டில் எத்தனையோ சண்டை மிச்சமாகியிருக்கும்.

எனக்குச் சலவையறை. கப்பலின் அடிவயிற்றில், ஆவியும் சோப்பு வாசனையுமாக, பகலா இரவா தெரியாத இடம். இயந்திரங்கள் உருளுகிற சத்தத்தில் துண்டுகளை மடித்து அடுக்கிக்கொண்டே இருந்தால் கை தன்பாட்டில் வேலை செய்யும், மனசு எங்கேயோ மிதந்துகொண்டிருக்கும். எங்கள் பாப்பாவுக்கு ஒன்பது வயது. கப்பலிலேயே பள்ளிக்கூடம். துறைமுகத்துப் பிள்ளைகளோடு ஓடியாடி அந்த ஊர்ப் பேச்சையும் பிடித்துக்கொண்டாள். எனக்கும் அவருக்கும் அந்தப் பாஷையில் கும்பிடு போடத் தெரிந்ததோடு சரி.

கப்பலில் ஒரு வழக்கம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஒரு தகர டப்பா சுற்றி வரும். அதில் கட்டில் எண் எழுதிய சீட்டுகள். குடும்பத்துக்கு ஒன்று எடுக்க வேண்டும். அந்த வாரம் முழுக்க அந்தக் கட்டிலில் இருப்பவருக்காக ஜெபம் பண்ண வேண்டும். நோயாளியின் பெயர் சொல்லமாட்டார்கள், வேடிக்கை பார்க்கவும் போகக் கூடாது. அடுத்த ஞாயிறு சீட்டைத் திருப்பிப் போட்டுவிட்டு வேறு எடுக்கலாம்.

பாப்பா எடுத்தது பதினேழு. "ஒரு அம்மா. கழுத்துல கட்டி. வியாழக்கிழமை ஆபரேஷன்" என்று மட்டும் போதகர் சொன்னார். அன்று சாயங்காலம் மேசையைச் சுற்றிக் கைகோத்து உட்கார்ந்து பாப்பா ஜெபித்தாள். திங்கள், செவ்வாய், புதன், விடாமல் ஜெபித்தாள். வியாழக்கிழமை அவர் வேலை முடிந்து வந்ததும் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, நீங்க வார்டுக்குள்ள போறவர்தானே. பதினேழுக்கு ஆபரேஷன் நல்லா நடந்துச்சா?"

"ம்" என்றார் அவர்.

அந்த "ம்" போதுமாயிருந்தது அவளுக்கு. ஞாயிற்றுக்கிழமை சீட்டைத் திருப்பிப் போடமாட்டேன் என்று அடம்பிடித்தாள். "முழுசா குணமாகி வீட்டுக்குப் போற வரைக்கும் அவங்க நம்ம ஆளு" என்றாள். தலையணைக்கடியில் வைத்துக்கொண்டாள். மூன்று வாரம் இப்படி ஓடியது. அவரும் தினமும் கையைக் கோத்துக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, ஆமென் சொன்னார்.

மூன்றாம் வாரக் கடைசியில் என்னைத் துண்டு மடிக்கிற வேலையிலிருந்து விரிப்பு மடிக்கிற வேலைக்கு மாற்றினார்கள். ஒவ்வொரு விரிப்பின் மூலையிலும் கட்டில் எண் நூலால் தைத்திருக்கும். அந்த வரிசையில்தான் அடுக்க வேண்டும். பதினைந்து, பதினாறு, பதினெட்டு. முதல் நாள் எங்கேயோ விழுந்திருக்கும் என்று கூடையெல்லாம் துழாவினேன். இரண்டாம் நாளும் பதினேழு வரவில்லை. மூன்றாம் நாள் வார்டிலிருந்து அழுக்குத் துணி கொண்டுவந்த பெண்ணிடம் கேட்டேன். "அந்தக் கட்டிலா? அதை எடுத்து மூணு வாரமாச்சே. சுவத்துக்குப் பின்னாடி குழாய் ஒழுகுதுன்னு மூலையையே அடைச்சு வச்சிருக்காங்க. உங்க வீட்டுக்காரர்தானே அங்க வேலை பாக்கறார்" என்றாள்.

எனக்கு உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை எரிந்தது. கையிலிருந்ததைப் போட்டுவிட்டு நான்கு தளம் ஏறினேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர் அறைக்கு வந்திருந்தார்.

"ஏங்க, பதினேழாம் கட்டில் எங்க?"

அவர் கைத்துண்டை மடித்தார், பிரித்தார், திரும்ப மடித்தார்.

"சீட்டு எடுத்த மறுநாள் திங்கக்கிழமையே அந்தம்மாவை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க" என்றார் கடைசியில். "கட்டி கழுத்து நரம்புக்குள்ள எறங்கிடுச்சாம். கத்தி வச்சா மேசையிலேயே போயிடுவாங்கன்னு டாக்டர் சொல்லிட்டார். மறுநாள் அந்த எடத்துலதான் குழாய் ஒழுகுச்சு. மூணு வாரமா அந்த மூலையிலதான் மல்லாந்து கெடக்கிறேன்."

"அப்ப எம்புள்ள மூணு வாரமா உங்க குழாய்க்கா ஜெபம் பண்ணுச்சு?"

"எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. வியாழக்கிழமை அவ மூஞ்சியப் பாத்தப்ப வாய் வரலை. அப்புறம் நாளாக நாளாக இன்னும் வரலை."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட்டேன். எனக்கும் வாய் நிற்காது. நான் கத்தி முடித்து மூச்சு வாங்கியபோது திரை விலகியது. தலைவலி என்று பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பாப்பா உள்ளே படுத்திருந்திருக்கிறாள். இருவருக்கும் தெரியாது.

அவள் அழவில்லை. "அப்பா, நீங்க 'ம்'னு சொன்னீங்களே" என்றாள். அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் மேசையருகே உட்கார்ந்தாள், ஆனால் கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள். "பாப்பா, கை" என்றேன். "நான் பண்ணலை. அங்க யாரும் இல்லாதது ஆண்டவருக்குத் தெரியும்தானே? அவரும் சொல்லலை" என்றாள். மறுநாளும் அப்படியே. அப்பா கேட்டதற்கெல்லாம் "ம்" என்றே பதில் சொன்னாள். ஒன்பது வயதில் அப்பாவையும் ஆண்டவரையும் ஒரே மத்தியானத்தில் தொலைத்துவிட்டு நின்றாள் என் பிள்ளை. இரண்டில் ஒன்றாவது திரும்பி வர வேண்டுமே! அடிபட்ட இடம் தெரிந்தால் தடவிவிடலாம், இதை எங்கே என்று தடவுவது?

சனிக்கிழமை காலை அவர் சட்டை மாட்டிக்கொண்டு நின்றார். கடந்த மூன்று சனிக்கிழமையும் வாஷர் வாங்கக் கடைத்தெருவுக்கு என்று சொல்லிவிட்டுப் போனவர்.

"ரெண்டு பேரும் வாங்க" என்றார். "அந்தம்மா வீடு எனக்குத் தெரியும். வார்டுல கேட்டு வச்சிருந்தேன்."

 கட்டியவளுக்கே தெரியாமல் வாரா வாரம் போயிருக்கிறார்!  பாப்பா செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

கப்பலைவிட்டு இறங்கியதும் வழக்கம்போல் எனக்குத் தெரு மெல்ல ஆடியது. சைக்கிள் பழுதுபார்க்கும் கடைகள், பாத்திரக் கடைகள், மாடிகளில் காயும் துணிகள் எல்லாம் தண்ணீருக்குள் இருப்பதுபோல் மெதுவாக அசைந்தன. அவர் முன்னால் நடந்தார். பாப்பா பத்தடி பின்னால். நான் இருவருக்கும் நடுவில். ஒரு சந்துக்குள் திரும்பி, குறுகலான படி ஏறி, நீலக் கதவு ஒன்றை அவர் தட்டினார்.

கதவைத் திறந்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். கழுத்தின் ஒரு பக்கம் வீங்கித் தாடைவரை ஏறி, தலை ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. அவரைக் கண்டதும் கண்ணால் சிரித்தாள். ஒரே அறை, எங்கள் அறை அளவுதான். ஒரு நாற்காலி, ஒரு பாய், சுத்தமாக மடித்த துணிகள். மூலையில் தண்ணீர்த் தொட்டிக்குமேல் புதுக்குழாய் ஒன்று கொக்குக் கழுத்துபோல் உயர்ந்து வளைந்து, முகத்துக்கு நேரே நின்றது. குனிய முடியாதவள் நின்றபடியே முகம் கழுவத் தோதாக இவர் வைத்திருந்தார். எனக்குப் பார்த்ததும் புரிந்தது. திட்டுவதற்குச் சேர்த்து வைத்திருந்த வார்த்தையெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை.

பாப்பா குழாயைப் பார்த்தாள். பிறகு நேரே அந்தப் பெண்ணின் முன்னால் போய் நின்று அவள் பாஷையில் மளமளவென்று பேசினாள். அவ்வளவு நீளமாக என்ன கேட்கிறாள்? நோயாளியிடம் ஏடாகூடமாக எதையாவது கேட்டுவிட்டால்?

 அந்தப் பெண் மெல்ல, வார்த்தை வார்த்தையாக, தாடையைக் கையால் தாங்கிக்கொண்டு பதில் சொன்னாள்.

"என்னடி கேட்ட?" என்றேன்.

"நாங்க மூணு வாரம் உங்களுக்காக ஜெபம் பண்ணோம், ஒண்ணுமே ஆகலை, உங்களுக்கு ஆண்டவர்மேல கோபமே வரலையான்னு கேட்டேன்."

"ஐயோ, என்ன சொன்னாங்க?"

"வருதாம். தினமும் எழுந்ததும் முதல்ல அதைத்தான் அவர்கிட்ட சொல்வாங்களாம். அப்புறம் முகம் கழுவுவாங்களாம்." பாப்பா அந்தக் குழாயை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். "என்னையும் பக்கத்துல உட்காரச் சொல்றாங்க. சேர்ந்து சொல்லலாமாம்."

பாயில் உட்கார்ந்தோம். அந்தப் பெண், நான், அவர். பாப்பா எங்கே உட்காருவது என்று ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு வந்து அவருக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவில் நுழைந்துகொண்டாள். கண்ணை மூடினாள். கை கோக்கவில்லை.

"ஆண்டவரே, நீங்க பண்ணது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கலை" என்று தமிழில் ஆரம்பித்தாள். பிறகு அதையே அந்தப் பெண்ணின் பாஷையிலும் சொன்னாள். அவள் தலையசைத்தாள். "இவங்களுக்கும் பிடிக்கலை. இவங்களுக்கு வலிக்காம பாத்துக்கங்க. அதையாவது செய்யுங்க. அப்புறம், எங்கப்பாவை நான் இன்னும் மன்னிக்கலை. ஆனா அவர் பக்கத்துலதான் உட்கார்ந்திருக்கேன். ஆமென்."

"ஆமென்" என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார். அழுகைதான் வந்தது.