ஐந்தாவது பாகம்

ஆவி, அது இது என்று யாராவது தொடங்கினால் எழும்பிப் போகிற ஆள் நான். சிரிப்பதென்றால் சிரியுங்கள். ஆனால் இது பட்டப்பகலில், ஆல்பனியில், எங்கள் அலுவலக ஜன்னலோரத்தில் நடந்தது.

எங்கள் நிறுவனத்தின் மின்சுற்றுப் பலகைகள் எல்லாவற்றையும் வரைந்தவர் சிவநேசன் அண்ணை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய இதயம் நின்றுபோனது. செத்தவீட்டுக்கு அலுவலகத்திலிருந்து மலர்வளையம் வந்தது, ஆள் வரவில்லை. அந்தக் கிழமை முடிய முன்னமே மேலாளர் அவருடைய கணினியை என்னிடம் தந்து, வரைபடங்களில் அவர் பெயரை எடுத்துவிட்டு நிறுவனத்தின் பெயரைப் போடச் சொன்னார். போட்டேன். என் விசா அவர்கள் கையில் இருந்தது.

பிறகு ஒரு புதிய சிப்புக்கு, மின்சுற்று வரைபடத்தில் வைக்கும் குறியீட்டை வரையும் வேலை வந்தது. அந்தச் சிப்புக்குள் ஒரே மாதிரி நான்கு சமிக்ஞைப் பெருக்கிகள். ஒரே பெட்டியாக வரைந்தால் கோடுகள் சிக்குப்படும் என்று ஏ, பி, சி, டி என நான்கு தனிப் பாகங்களாக வரைவோம். வரைபடத்தில் எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம், ஆனாலும் உடல் ஒன்றுதான். வரைந்து, சேமித்து, மூடித் திறந்தால் ‘ஈ’ என்று ஐந்தாவது பாகம் ஒன்று இருந்தது. அழித்தேன். திறந்தேன். மறுபடியும் இருந்தது. சிப்புக்குப் பதினான்கு கால்கள்தான், இதன் கால்களிலோ பதினைந்து, பதினாறு, பதினேழு என்று இலக்கம். பெருக்கியைக் குறிக்கும் முக்கோணம் வழக்கத்துக்கு மாறாக இடப்பக்கம் பார்த்திருந்தது. அண்ணை மட்டும்தான் அப்படி வரைவார்.

பக்கத்து மேசை ராகவனைக் கூப்பிட்டேன், சென்னைக்காரர்.

“நீங்கதான் தெரியாம சேர்த்திருப்பீங்க,” என்று அவரே அழித்தார், அவரே திறந்தார்.

“என்னங்க இது...” என்றவர் தன் மேசைக்குப் போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

மேலாளர் வந்து பார்த்தார். எப்படி வந்தது என்று கேட்கவில்லை, அழித்துவிட்டு வேலையைப் பார் என்றார். அவர் பக்கத்தில் நிற்க அழித்தேன். இந்தமுறை அது திரும்பி வரவில்லை. எனக்கு ஏனோ அழுகை வந்தது.

சனிக்கிழமை நகரின் மறுகோடியில் இருக்கும் பாட்டனி டவுன்ஸுக்குப் போய் அண்ணையின் மனைவி வாசுகி அக்காவைப் பார்த்தேன். உடுப்புக் கடையில் வேலை செய்கிறார். சாப்பாட்டு நேரத்தில் வெளியே மர வாங்கில் அமர்ந்து கதைத்தோம். கணினி விஷயமாக நான் வாயே திறக்கவில்லை, நம்பினால் நம்புங்கள்.

“இவ்வளவு வருஷம் உழைச்ச மனுசன், சுபா. ஒருத்தரும் வந்து ஒரு வார்த்தை கதைக்கேல்லை.”

“ஓம் அக்கா,” என்றேன்.

சாப்பாட்டுப் பெட்டியை மூடிக்கொண்டே, “அஞ்சாவதை ஏன் அழிச்சனீர், தங்கச்சி?” என்றார்.

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

“என்ன சொன்னனீங்கள் அக்கா?”

“நான் ஒண்டும் சொல்லேல்லையே,” என்று என்னை விநோதமாகப் பார்த்தார்.

அக்கா என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். தங்கச்சி என்று கூப்பிட்டவர் அண்ணை ஒருவர்தான். எத்தனையோ பிழை விட்டிருக்கிறேன், அவர் என்னிடம் ஒருநாளும் கோபப்பட்டதில்லை. அன்று கேட்ட அந்தக் கேள்வியில் கோபம் இருந்தது.