கன்றுக்குட்டிச் சாட்சி

என் குரல் மேல் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. ஒளிப்பானேன்? தேனியில் கடைவீதி மாடி ஒன்றில் எங்கள் வானொலி ஊழியத்தின் ஒலிப்பதிவு அறை இருக்கிறது. அங்கே பன்னிரண்டு வருஷமாக நேயர் கடிதம் வாசிக்கிறேன். அறை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். சத்தம் வராமல் இருக்கச் சுவரில் பழைய மெத்தையை அடித்து வைத்திருக்கிறோம். ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் பேச வேண்டும். போடி பஸ் ஹாரன் அடித்தால் போச்சு, முதலிலிருந்து வாசிக்க வேண்டும். வேர்த்து வழிய வாசித்தாலும் ரேடியோவில் கேட்கும்போது மேகமலையில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி குளுகுளுவென்று இருக்கிறது என்பார் என் வீட்டுக்காரர். அவர் என்னைப் புகழ்வது அது ஒன்றுக்குத்தான்.

கடிதம் வாசிப்பதில் எங்களுக்கு ஒரு முறை உண்டு. எழுதுகிறவர்களில் பாதிப் பேர் வீட்டுக்குத் தெரியாமல் கேட்கிறவர்கள், அதிலும் பெண்கள்தான் அதிகம். அதனால் பேரை மாற்றுவோம், ஊரை மாற்றுவோம், பெண் பிள்ளையை ஆண் பிள்ளையாக்குவோம். நாங்களாக யாருக்கும் போன் பண்ண மாட்டோம். அவர்கள் மிஸ்டு கால் கொடுத்தால்தான் திருப்பிக் கூப்பிடுவோம். எந்த நேரத்தில் போன் யார் கையில் இருக்குமோ, யார் கண்டது?

கடமலைக்குண்டுப் பக்கத்துப் பெண் ஒருத்தி வெள்ளிக்கிழமை தவறாமல் மிஸ்டு கால் கொடுப்பாள். அன்றைக்குத்தான் புருஷன் சந்தைக்குப் போவான். மாட்டுக்கொட்டத்தில் ஒரு சின்ன ரேடியோ வைத்திருந்தாள். "பாட்டுக் கேட்டாத்தான் மாடு பால் எறக்குதுன்னு சொல்லி வச்சிருக்கேன்க்கா" என்று சிரிப்பாள். நானும் சிரிப்பேன். ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னாள், ஒரு கையால்தான் கறப்பாளாம். இன்னொரு கை ரேடியோவின் திருகிலேயே இருக்குமாம், புருஷனுடைய பைக் சத்தம் கேட்டதும் ஸ்டேஷனை மாற்றுவதற்கு. அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் மகளுக்கு ஐந்து வயதாகியும் பேச்சு வரவில்லை. அதற்காக ஜெபிக்கச் சொல்லி இரண்டு மூன்று தடவை எழுதியிருந்தாள். நானும் எல்லாவற்றையும் மாற்றித்தான் வாசித்தேன். பிறகு ஒருநாள் அவர்கள் வீட்டுக் கன்றுக்குட்டி கிணற்றில் விழுந்துவிட்டது. பார்த்தது அந்தப் பிள்ளை மட்டும்தான். தெருவெல்லாம் ஓடி, "கன்னுக்குட்டி கெணத்துல! கன்னுக்குட்டி கெணத்துல!" என்று கத்தியிருக்கிறாள். ஊரே திரண்டு வந்து கயிறு கட்டிக் கன்றைத் தூக்கியது.

பிள்ளை பேசினால் ரேடியோவில் சாட்சி சொல்வதாக அந்தத் தாய் ஆண்டவரிடம் பொருத்தனை பண்ணியிருந்தாள். நோட்டிலிருந்து கிழித்த நாலு தாளில் எழுதி அனுப்பினாள். கடைசித் தாள் முழுக்கப் புருஷனைப் பற்றி. 'அவர் பைக் வாசலில் வந்து நின்றாலே எனக்கு வயிறு கலங்குது. சோறு போட்டு முடிக்கிறவரைக்கும் அடி விழுமா விழாதான்னு தெரியாது.' அதற்குக் கீழே கோடு போட்டு எழுதியிருந்தாள்: 'அக்கா, நான்னு தெரியாம வாசிங்க. தெரிஞ்சா என்னையக் கொன்னே போட்டுருவாரு.'

பேரை எடுத்தேன். கடமலைக்குண்டை உத்தமபாளையம் ஆக்கினேன். மகளை மகனாக்கினேன். கன்றுக்குட்டியை மட்டும் விட்டுவிட்டேன். மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். அதை எடுத்தால் வாசிப்பில் உயிர் இருக்காது என்று தோன்றியது. அந்த இடத்தில் குரலை உயர்த்தி, கொஞ்சம் நிறுத்தி, மெதுவாக இறக்கினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரெக்கார்டிங் பார்க்கிற அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

நிகழ்ச்சிகளை ஒலிபரப்பும் நிலையத்துக்கு இரண்டு வாரம் முன்னதாகவே அனுப்பிவிடுவோம். அதுவும் போய்விட்டது. ஒரு வாரம் கழித்து, எங்களுக்கு வரும் கடிதங்களைப் பிரித்து அடுக்குகிற அக்கா அந்தப் பதிவைச் சும்மா போட்டுக் கேட்டார். அவருக்குப் பிறந்த வீடு கடமலைக்குண்டை அடுத்த வருசநாட்டுப் பக்கம்.

"ஏத்தா, இது எங்க பக்கம் நடந்ததுல்ல? அந்தப் பேசாத பிள்ள கன்னுக்குட்டிக்குக் கத்துன கதை எங்க அண்ணன் பொண்டாட்டி வரைக்கும் தெரியுமே! உத்தமபாளையங்குற, ஆம்பளப் பிள்ளங்குற?"

அந்த இடத்திலேயே நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பேரைச் சொல்லியிருந்தால்கூட அந்தப் பேரில் நாலு பேர் இருப்பார்கள். கிணற்றில் விழுந்த கன்றுக்குட்டி ஒன்றுதானே!

நிலையத்துக்குப் போன் போட்டேன். நிகழ்ச்சிப் பட்டியல் போட்டாயிற்று, பார்க்கிறோம் என்றார்கள். எங்கள் ஊழியத்துக்குப் பொறுப்பான ஐயா, "பாரப்படாதீக சிஸ்டர், ஜெபிப்போம்" என்றார். "ஜெபிக்கிறது இருக்கட்டும் ஐயா, மொதல்ல அதை எடுக்க வழி பாருங்க" என்று கத்திவிட்டேன். அவர் பாவம், அன்றைக்கு மட்டும் மூன்று தடவை நிலையத்துக்குப் பேசினார். அவளிடம் சொல்லிவிடலாம் என்றால் நாங்களாகக் கூப்பிடக் கூடாது. அந்த வெள்ளிக்கிழமை பார்த்து அவளிடமிருந்து மிஸ்டு காலும் வரவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் அடுப்படியில் ரேடியோவைப் போட்டேன். வேறு ஏதாவது வரும், வரவேண்டும் ஆண்டவரே என்று வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே நின்றேன். என் குரல்தான் வந்தது. அதே நேரத்தில் அவள் பால் கறந்துகொண்டிருப்பாள். கன்றுக்குட்டி வரும் இடத்தில் நான் எவ்வளவு அழகாக நிறுத்தியிருந்தேனோ, அவ்வளவுக்கு எனக்குக் குலை நடுங்கியது. "நல்லா வாசிச்சிருக்க" என்றார் வீட்டுக்காரர். "வாயை மூடிக்கிட்டுச் சும்மா இருங்க" என்று எரிந்து விழுந்தேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

மறுநாள் மிஸ்டு கால் இல்லை. அடுத்த வெள்ளியும் இல்லை. அதற்கடுத்த வெள்ளியும் இல்லை. காலையில் பேப்பர் வந்ததும் உள்ளூர்ச் செய்திப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டினேன். எதைத் தேடுகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை.

மூன்றாம் வாரம் முடியும்போது ஒரு மத்தியானம் ஊழிய போனில் அவள் நம்பர் வந்தது. மிஸ்டு கால் இல்லை, விடாமல் அடித்தது. பாய்ந்து எடுத்தேன்.

"ஏத்தா, நல்லாருக்கியா? பிள்ள நல்லாருக்காளா?"

"எந்தப் பிள்ள?"

ஆண் குரல். அடிப்பாவி, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதா எனக்கு?

"யாரு பேசுறீக?" என்று கேட்டான். சத்தமே போடவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. "போனை வச்சிட்டுப் போயிட்டா. வாராவாரம் இந்த நம்பருக்குத்தான் அடிச்சிருக்கா. மூணு வாரமா ஆளக் காணோம், பிள்ளயையும் காணோம். அவ அம்மா வீட்லயும் இல்ல. எங்கன இருக்கா?"

"சத்தியமா எனக்குத் தெரியாதுப்பா."

தெரியாமல் இருந்ததற்கு ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். தெரிந்திருந்தால் என் வாய் என்ன செய்திருக்குமோ.

"என்னையப் பத்தி என்ன சொன்னா?"

நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"நான் கை நீட்டுவேன்னு சொன்னாளா?"

அதற்கும் கையை எடுக்கவில்லை. "சரி, கண்டுபிடிச்சுக்கிறேன்" என்று வைத்துவிட்டான்.

அவளைச் சொன்னானா, எங்களைச் சொன்னானா, தெரியாது. அன்றிலிருந்து மாடிப்படிக் கதவைப் பூட்டிக்கொண்டுதான் பதிவு பண்ணினோம். கீழே கடைக்கு நாளைக்கு நூறு பைக் வரும். ஒவ்வொன்றும் வந்து நிற்கும்போது எனக்கு வயிறு கலங்கியது. நாலு பக்கமும் மெத்தை அடித்த அறைக்குள் பஸ் ஹாரன் தவிர வேறு சத்தம் வராது, ஆனால் பைக் நிற்பது மட்டும் எனக்குக் கேட்டது. அவள் எழுதியதை நல்லா வாசித்தேனே தவிர, அது என்னவென்று அப்போதுதான் தெரிந்தது.

அவன் வரவில்லை. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, தெரியாத நம்பரிலிருந்து ஒரு மிஸ்டு கால். வெள்ளிக்கிழமை. இந்தத் தடவை நான் முதலில் வாயைத் திறக்கவில்லை.

"அக்கா" என்றாள்.

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கன்றுக்குட்டியை வேண்டுமென்றேதான் விட்டேன், என் குரல் அழகுக்காக விட்டேன், உன் குடும்பத்தைக் கெடுத்துவிட்டேன், என்னை மன்னித்துவிடு என்றேன்.

"ஊருல யாரும் கேக்கலக்கா. அங்கன யாரு ரேடியோ கேக்குறா? அவருக்கும் யாரும் சொல்லல. நான் ஒருத்திதான் கேட்டேன்."

"அப்புறம் ஏண்டி போன?"

"எப்பவும் மாத்தி வாசிப்பீகள்ல, அதைக் கேக்கும்போது யாரோ ஒரு பொம்பளன்னு தோணும். ஐயோ பாவம்னு நெனச்சுக்கிட்டுக் கறந்துக்கிட்டிருப்பேன். அன்னிக்குக் கன்னுக்குட்டி வந்துருச்சா, அது நாந்தான்னு ஆகிப்போச்சு. பெறகு அவரைப் பத்தி வாசிச்சீக. எனக்கே பயமாயிருச்சுக்கா. இம்புட்டுப் பயத்தோடயா இருந்திருக்கேன்? மறுநாளு அவரு சந்தைக்குப் போனதும் பிள்ளயத் தூக்கிக்கிட்டுக் கெளம்பிட்டேன்."

பின்னால் ஒரு பெண் பிள்ளை எதையோ கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தது. வாய் ஓயவில்லை அதற்கு. புருஷன் பேசியதைச் சொன்னேன். அவள் பிள்ளையை உள்ளே போகச் சொன்னாள்.

"எங்கனடி இருக்க? அதையாவது சொல்லு, நான் வந்து பாக்குறேன்."

"வேண்டாம்க்கா. சொன்னா அதையும் நீங்க அழகா வாசிச்சிருவீக" என்றாள்.