கடைசி வரியில் 980

திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ஆபீஸ் ஒன்றில் ரஞ்சனி கணக்கு எழுதுகிறாள். நான் எதிர் மேசை. வேலை, சமையல், மாடு எல்லாம் பார்த்துவிட்டு போனில் புரோகிராமிங் வேறு படிக்கிறாள். எப்போது பார்த்தாலும் கண்ணில் தூக்கம். "எதுக்குடி உனக்கு இந்த வம்பு?" என்றால், "சும்மா இருங்கக்கா" என்பாள்.

ஆபீஸில் ஒரு டெக்ஸ்ட் ஃபைல் உண்டு. வரிக்கு ஒரு போர்: ஊர், பெயர், தண்ணீர் வந்த ஆழம், நடுவில் கமா. அவளுடைய முதல் புரோகிராம், மூன்றாவதாக உள்ள ஆழத்தைப் பார்த்து வரிகளை ஏறுவரிசையில் அடுக்கியது. கடைசி வரிதான் ஆழமான போர். பழைய வருஷங்களைப் போட்டுப் பார்த்தோம், சரியாகவே இருந்தது.

சித்திரையில் அவள் வீட்டுக் கிணறு வற்றியது. மாடுகளுக்காக மாமனார் சுப்பையன் போர் போட்டார். ஆயிரம் அடியிலும் வெறும் புழுதி. பக்கத்தில் விசாரிக்கலாமென்றால், ஊரில் எவனும் தன் போர் ஆழத்தை உண்மையாகச் சொல்வதில்லை. துளை போடும் ரிக் வண்டியை நிறுத்திவிட்டு மருமகளுக்கு போன் செய்தார்.

"ஏஞ்சாமி, இன்னும் எறக்கச் சொல்லட்டுமா? உங்க கம்ப்யூட்டரு என்ன சொல்லுது?"

அவள் தன் ஊர் வரிகளை அடுக்கிக் கடைசி வரியைப் பார்த்தாள். 980.

"வேண்டாங்க மாமா. அதுக்குக் கீழ நம்மூர்ல யாருக்கும் தண்ணி வரலீங்க."

வண்டி போய்விட்டது. அந்த வாரமே மாடுகளையும் விற்றார்கள்.

அதற்கப்புறம்தான் அவளுடைய போன் படிப்பில் அந்தப் பாடம் வந்தது. ஃபைலிலிருந்து படிப்பதெல்லாம் புரோகிராமுக்கு வெறும் எழுத்து. எண்ணாக மாற்றச் சொல்லாவிட்டால் முதல் எழுத்திலிருந்து ஒப்பிடும். 9 பெரியது, 1 சிறியது, அதனால் 1140 முன்னால் போய் நிற்கும், 980 பின்னால். எல்லாப் போரும் மூன்று இலக்கத்தில் இருந்தவரை தப்பு தெரியவில்லை. பாழாய்ப்போன பூமி, நான்கு இலக்கத்துக்குப் போய்விட்டதே!

ஆழத்தை எண்ணாக மாற்றி மறுபடி அடுக்கினாள். இப்போது கடைசி வரியில், அவர்கள் காட்டை ஒட்டிய ஓடைக்கு அந்தப்புறம் உள்ள தமிழரசு தோட்டம், 1140, நல்ல தண்ணீர். அதுவரை முதல் வரியில் இருந்திருக்கிறது. அங்கே அவள் பார்க்கவேயில்லை.

மாமனாரிடம் சொன்னாளாம். அவர் காலி மாட்டுக் கொட்டகையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"உடு சாமி. எனக்கும் ஓஞ்சு போச்சு. போதும்னு யாராவது சொல்லோணும்னுதான் உன்னையக் கேட்டேன்."

இதை என்னிடம் சொல்லி முடித்தாள். "ரெண்டு திட்டு திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேங்கக்கா" என்று மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.