அக்காவின் உயரமும் ஒரு தேயிலைச் செடியும்

கேமராவின் தோல் பெட்டியைத் திறந்ததும் பூஞ்சணமும் பாச்சையுருண்டையும் கலந்த ஒரு வாசம்...

சீமைக்குக் கப்பலேறப் போன தோட்டத்து வெள்ளைக்காரத் தொரை, பங்களாச் சாமான்களை விற்றார். மற்றவர்கள் நாற்காலிக்கும் அலமாரிக்கும் அடித்துக்கொள்ள, நான் சீட்டு எடுத்த காசோடு போய் இந்தக் கேமராவைத் தூக்கி வந்தேன். அறுபதுகளின் தொடக்கம். இலங்கை மலைநாட்டில், கொட்டகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் எனக்கு வாத்தியார் வேலை.

கேமராவுக்கு மேலும் கீழுமாக இரண்டு கண். மேல் கண் நாம் பார்க்க, கீழ்க் கண் படம் பிடிக்க. வயிற்றுக்கு நேரே பிடித்துக் குனிந்து பார்த்தால், கண்ணாடியில் எங்கள் லயத்து வீட்டு வரிசை இடவலம் மாறித் தெரியும். ஒரு ரோலில் சதுரமாகப் பன்னிரண்டு படம். அவ்வளவுதான்.

கூடவே இரண்டு சோடி லென்ஸ். ஒன்று, கிட்ட நின்றாலும் எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ளும். மற்றது, தூரத்தில் நிற்பதை இழுத்துத் தரும். எதை எப்போது மாட்டுவது? சொல்லித்தர ஆளில்லை. ஆட்டுக்குட்டி, தண்ணி பிடிக்கும் பீலி, பள்ளிக்கூடப் பிள்ளைகள்... அகப்பட்டதையெல்லாம் இரண்டு லென்ஸிலும் எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பேன். பைத்தியம் என்றுதான் லயத்தில் பேச்சு.

அந்தச் சமயம் அக்காவுக்கு லிந்துலையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்குத் தேயிலை ஃபேக்டரியில் வேலை. ஆள் ஆறடி. எங்கள் அக்காவோ குள்ளம். அதைச் சொல்லியே ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இவர்கள் முதலில் ஒரு போட்டோ கேட்டார்கள்.

"ஒசரமா எடுடா தம்பி. ஒன் பொட்டிக்கு அதுகூட முடியாதா?" என்றார் அம்மா.

முடிந்தது! அள்ளுகிற லென்ஸை மாட்டி, கேமராவைத் தரையிலேயே வைத்து, அக்காவைக் கிட்ட நிறுத்தி எடுத்தேன். ஹட்டனில் கழுவி வந்த படத்தில் அக்கா நெடுநெடுவென்று நின்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அக்கா மட்டும் வெகுநேரம் பார்த்தார்.

"யாருடா இவ?"

"நீதாங்க்கா."

"இவளுக்குச் செடி இடுப்புக்குத்தான் வரும். எனக்கு நெஞ்சுல இடிக்குது. இதப் பாத்துட்டு வர்றவங்க திரும்பிப் போயிருவாங்க... தல குனிஞ்சு நிக்கிறது நானில்ல?"

எனக்குச் சுருக்கென்றது. லென்ஸின் வித்தையைக் கண்டுபிடித்த குஷியில், நிற்பது யார் என்று நான் யோசிக்கவே இல்லை.

"நான் கொழுந்து பறிக்கிற எடத்துலயே எடு. செடி பக்கத்துல."

மறுநாள் இழுக்கிற லென்ஸை மாட்டிக்கொண்டு ஓடைக்கு இந்தப் பக்கம் போனேன். எதிர்ச் சரிவில் அக்கா. நெஞ்சு வரைக்கும் செடி, முதுகில் கூடை, முகத்தில் ஒரு பிடிவாதம். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. உள்ளபடி விழுந்தது படம்.

அம்மா கொடுத்தனுப்பியது நெட்டைப் படம். கொட்டகலை தபால் கந்தோர் வாசலில் உறையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு அதை எடுத்துவிட்டுச் செடிப் படத்தை வைத்து ஒட்டிப் போட்டுவிட்டேன். அம்மாவிடம் மூச்சுவிடவில்லை.

மூன்றாம் ஞாயிறு அவர்கள் வந்தார்கள். விஷயம் தெரியாத அம்மா, அக்காவை வாசற்படி மேல் நிறுத்தி வைத்திருந்தார்!

மாப்பிள்ளை சட்டைப்பையிலிருந்து செடிப் படத்தை எடுத்தார். அம்மாவின் முகம் செத்துப்போனது.

"மாஸ்டர், இந்தச் செடி கவ்வாத்து வெட்டி நாலு வருசம் இருக்குமா?"

வெட்டிவிட்ட செடி வருசத்துக்கு வருசம் உயரும். தோட்டத்தில் பிறந்தவனுக்கு அது கணக்கு.

"இருக்கும்ங்க," என்றேன்.

"அப்ப செடியே மூணேகால் அடி. பொண்ணு நாலே முக்காலடி இருக்கும்னு எங்கம்மாகிட்ட சொல்லித்தான் கூட்டியாந்தேன். சரிதாங்களே?"

அக்கா படியிலிருந்து இறங்கி, அவருக்கு நேரே தரையில் வந்து நின்றார்.

"கால் அடி கூட்டிச் சொல்லிட்டீங்க," என்றார்.

முதலில் சிரித்தது மாப்பிள்ளையின் அம்மாதான். தை மாதம் கல்யாணம்.

அந்த நெட்டைப் படத்தை அம்மா கடைசி வரைக்கும் வீட்டில் மாட்டி வைத்திருந்தார். வருகிறவர்கள் எல்லாம், "இது யாரு, இன்னொரு பொண்ணா?" என்று கேட்பார்கள்.

போன வாரம், அக்காவின் பேத்திக்கு வந்த வரன்களின் படங்களை எனக்குப் போனில் அனுப்பினார்கள். முப்பது நாற்பது இருக்கும். எல்லாம் பளபளப்பு, எல்லாம் மார்பளவு. பெரிதாக்கிப் பார்த்தேன், திருப்பிப் பார்த்தேன்... பக்கத்தில் வைத்து அளக்க ஒரு செடிகூட இல்லை. அக்காவுக்குப் போன் போட்டேன்.

"படத்த விடுடா. பையன நேர்ல வரச் சொல்லு," என்றார் அக்கா. "நான் பக்கத்துல போய் நின்னு பாக்குறேன்."