அத்தைக்கு வந்த கதாநாயகன்

முதல் சந்திப்பில் சண்டை போட்டுக்கொள்ளும் ஆணும் பெண்ணும் கடைசிப் பக்கத்தில் மாலை மாற்றிக்கொள்வார்கள். பெண்ணுக்குக் கால் சுளுக்கினால் தூக்கிக்கொண்டு போக அந்த ஆணே வருவான். மழை பிடித்துக்கொண்டால் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு குடைதான் இருக்கும். இந்தச் சட்டங்களை எனக்கு எந்தப் பள்ளிக்கூடமும் கற்றுத்தரவில்லை. இலங்கையில், ஹற்றனுக்கு மேலே, மேகம் வந்து வாசலில் உட்கார்ந்துகொள்ளும் ஒரு தேயிலைத் தோட்டத்தின் வரிசை வீடுகளான லயத்தில், பத்து வயதுக்குள் நானாகவே கற்றுத் தேர்ந்தேன். இன்று என் மகள் அதே கதைகளைக் கைபேசியில் படிக்கிறாள். பகையில் தொடங்கும் காதல், கட்டாயக் கல்யாணம், கோபக்காரப் பணக்காரன் என்று வகை பிரித்துத் தேடி எடுக்க வசதி இருக்கிறதாம். எங்கள் காலத்தில் அந்த வகை பிரிக்கும் வேலையை அத்தைதான் பார்த்தாள்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. எங்களோடு அதே ஒற்றை அறைக் காம்பராவில் இருந்தாள். பகலெல்லாம் மலையில் கொழுந்து பறிப்பாள். வீட்டுக்கு வந்து, காலைக் கழுவி, பால் விடாத சாயத்தண்ணி ஒரு கோப்பையும் ஒரு நாவலுமாக உட்கார்ந்தால் பிறகு அவள் எங்கள் வீட்டு ஆளே இல்லை. இந்தியாவிலிருந்து வரும் மாத நாவல்கள் அவை. அட்டையில் முகத்தைவிடப் பெரிய கண்களோடு ஒரு பெண் இருப்பாள். ஹற்றன் பழைய புத்தகக் கடையில் அவற்றைக் கட்டுக் கட்டாகப் போட்டிருப்பார்கள். மற்றப் பெண்கள் டவுனுக்குப் போனால் வளையல் பார்ப்பார்கள். அத்தை அந்தக் கடையில் குந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு நாவலிலும் கதாநாயகன் வாய் திறக்கும் முதல் இடத்தைத் தேடிப் படித்துப் பார்ப்பாள். அவன் மரியாதையாகப் பேசினால் புத்தகத்தை அப்படியே வைத்துவிடுவாள். அதட்டினால் வாங்கிவிடுவாள்.

நாவல் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை அதன் கம்பியைக் கழற்றுவது. லயத்தில் படிக்கத் தெரிந்த பெண்கள் பலர், புத்தகமோ ஒன்று. ஆகையால் அதை மூன்று பாகமாகப் பிரித்து மூன்று காம்பராவுக்குக் கொடுத்துவிடுவார்கள். ஒருத்தி தொடக்கத்தைப் படிக்கும்போது இன்னொருத்தி முடிவைப் படித்துக்கொண்டிருப்பாள். மறுநாள் மலையில் ஆளுக்கொரு வரிசையாக நிரை பிடித்துக் கொழுந்து பறிக்கையில் பஞ்சாயத்து நடக்கும்.

“ஏன்டி, ஓன் பாகத்துல அவளுக்குப் புள்ள இருக்குங்கிற. எம் பாகத்துல இன்னும் தாலியே கட்டலியே!”

“அவசரப்படாத. அடுத்த வீட்டுல கட்டிக்கிட்டிருப்பான்.”

ஒருமுறை இரண்டு நாவல்களின் பாகங்கள் இடம் மாறிவிட்டன. மதுரைக்காரன் ஒருத்தியோடு சண்டை போட்டு, ஊட்டிக்காரன் அவளைக் கல்யாணம் செய்துகொண்டான். பெயர் வேறாக இருப்பதைக்கூட யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு பேரும் உயரம், இரண்டு பேரும் முரடு, இரண்டு பேரும் கடைசியில் அழுதார்கள். அது போதுமானதாக இருந்தது.

பாகங்களை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்க் கொடுக்கும் உத்தியோகம் என்னுடையது. போகிற வழியில் படிப்பேன். ஆனால் நடுப் பாகத்தை மட்டும் அத்தை என் கையில் கொடுக்கமாட்டாள். “அது ஒனக்கு வேணாம்டா,” என்று தானே எடுத்துக்கொண்டு போவாள். அதனால் சண்டையும் தெரியும், மாலையும் தெரியும். ஒன்றிலிருந்து மற்றதற்கு எப்படிப் போகிறார்கள் என்பது தெரியாது. காய் பழுப்பதுபோல் அதுபாட்டுக்கு நடக்கும் என்று நினைத்திருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் தோட்டத்துக்குப் புதுக் கணக்கப்பிள்ளை வந்தார். மலையில் பெண்கள் பறிக்கும் கொழுந்தைப் பார்ப்பதும், நிறுத்த பிறகு பேர் போடுவதும் அவருடைய வேலை. முழுப்பேர் போட்டால் ஒரு நாள் சம்பளம். அவர் மனம் வைக்காவிட்டால் அரைப்பேர். இவர் உயரமாக இருந்தார். சட்டையில் மடிப்புக் கலையாது. சிரித்து யாரும் பார்த்ததில்லை. முதல் நாளே அத்தையின் கூடைக்குள் கையை விட்டு, முற்றல் இலை என்று ஒரு பிடியை அள்ளி எடுத்துத் தரையில் வீசினாராம். அத்தை சும்மா இருப்பாளா?

“மேல கெடந்த ஒண்ணு ரெண்ட எடுத்துப்புட்டுக் கூடையே முத்தலுங்கிறீங்களே. கையைத்தான் விட்டீங்க, கண்ணையும் கொஞ்சம் விட்டுப் பாருங்கய்யா,” என்றாளாம்.

நான் அங்கே இல்லை. சாயங்காலம் பெண்கள் வந்து இதைச் சொன்ன விதத்தைத்தான் கேட்டேன். பக்கத்துக் காம்பரா அக்கா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, “அவருக்குக் கண்ணு ரெண்டும் செவந்துபோச்சு. அப்படியே கதைல வர்ற மாதிரி!” என்றாள். அத்தை, “போங்கடி, வேலையத்தவளுகளா,” என்று சிரித்தாள். ஆனால் மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும் முன் அவள் வழக்கத்தைவிட நேரமெடுத்துத் தலை சீவியதை நான் பார்த்தேன்.

சட்டம் தெரிந்தவனுக்குத்தானே பயம்? கல்யாணம் ஆனால் அத்தை மேட்டில் இருக்கும் உத்தியோகத்தர் வீட்டுக்குப் போய்விடுவாள். எனக்குக் கதை சொல்ல ஆள் இருக்காது. போர்வைக்குள் என் சில்லிட்ட கால்களைத் தன் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொள்ளவும் ஆள் இருக்காது. அம்மாவிடம் சொன்னேன். “அத்த கல்யாணம் கட்டிக்காம ஒன்னையே கட்டிக்கிட்டு அழுவாளா?” என்றாள். அப்பாவிடம் சொல்லும் தைரியம் எனக்கு இன்றைக்கும் இல்லை.

நான் பயந்தபடியே ஆயிற்று. சில மாதத்தில் கணக்கப்பிள்ளையின் அம்மா, தோட்டத் தலைவர் மூலமாகச் சொல்லி அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். லயமே சிலிர்த்துப்போனது. உத்தியோகத்தர் வீட்டிலிருந்து லயத்துக்குப் பெண் கேட்டு வருவது அப்போது கதையில்தான் நடக்கும். அப்பா நிமிர்ந்து நடந்தார். எதிலும் தலையிடாத அம்மாகூட அத்தைக்குக் கொடுக்கத் தன் சேலை ஒன்றை எடுத்து உதறிப் பார்த்தாள். அத்தை மட்டும் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. காதில் கம்மலைப் போட்டுப் பார்த்துக் கழற்றி வைத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கு முந்திய வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பெருமழை. சட்டென்று எனக்கு அது ஞாபகம் வந்தது. மழை, ஒரே குடை. மலையில் வேலை செய்யும் பெண்கள் தலையில் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டுக்கொண்டு நனைந்தபடி பறிப்பார்கள். குடை வைத்திருக்கும் ஒரே மனிதர் கணக்கப்பிள்ளை. இரண்டு பேரும் அதற்குள் நின்றுவிட்டால் கதை முடிந்தது! வீட்டுக்குள் பாய்ந்து அப்பாவின் குடையை எடுத்துக்கொண்டு மலைக்கு ஓடினேன். குடையை விரிக்கத் தோன்றவில்லை. குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மழையில் முழுக்க நனைந்து ஓடிய ஒரே வீரன் நானாகத்தான் இருப்பேன்.

கடைசித் திருப்பத்தில் வழுக்கி, மழைத் தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்தேன். கணுக்கால் பிசகிவிட்டது. நான் போட்ட சத்தத்துக்குத் தொழிற்சாலையில் சங்கு ஊதுகிறது என்று நினைத்துச் சிலர் கூடையை இறக்கிவிட்டார்களாம். நிரை விட்டு எல்லோரும் ஓடி வந்தார்கள். ஆனால் கானுக்குள் இறங்கி என்னை இரண்டு கைகளிலும் அள்ளி எடுத்தவர் கணக்கப்பிள்ளை. “நீங்க வேலையப் பாருங்க, நான் வீட்டுல விட்டுட்டு வர்றேன்,” என்று நடந்தார். பெண்கள் பக்கம் ஒரே ‘உச்’சும் பெருமூச்சும். மழை, சுளுக்கு, தூக்கிச் செல்லும் நெடிய ஆண். ஒன்றும் குறையில்லை. சட்டப்படி பார்த்தால் நான்தான் அவரைக் கல்யாணம் செய்திருக்க வேண்டும்.

தொழிற்சாலைப் பாதை திரும்பியதும் மலை மறைந்தது. அங்கே ஒரு கல்லில் என்னை இறக்கி வைத்தார். கைக்குட்டையை எடுத்துச் சட்டையில் பட்ட சேற்றைத் துடைத்தார். பிறகு என் காதைப் பிடித்தார். வலிக்கவில்லை. ஆனால் விடவும் இல்லை. அன்றைக்குத்தான் அவர் சிரித்து முதன்முதலாகப் பார்த்தேன்.

“ஒங்க அத்தைக்கு வாய் கொஞ்சம் நீளம். கல்யாணம் முடியட்டும். நான் அடக்கிக்கிறேன்,” என்றார்.

வீட்டில் அத்தை என் காலுக்கு எண்ணெய் தேய்க்கும்போது எனக்கு அழுகை பொங்கியது. வலி என்று அவள் நினைத்தாள். “முடிஞ்சுபோச்சு அத்தை. அவரு சொல்லிட்டாரு,” என்று, அவர் காதைப் பிடித்ததையும் சொன்னதையும் அப்படியே ஒப்பித்தேன். நாவல்களில் கதாநாயகன் சொல்வதும் இதையேதான். எங்கள் அத்தைக்கு இதைவிட உறுதியான நிச்சயதார்த்தம் வேறு என்ன வேண்டும்?

தேய்த்த கை நின்றது. “அப்ப அவரு கோவமா இருந்தாரா?”

“இல்ல. சிரிச்சுக்கிட்டே சொன்னாரு.”

“சத்தமாவா?”

“மெதுவாத்தான். பக்கத்துல வந்து.”

அவருக்குச் சாதகமாகச் சாட்சி சொல்லிவிட்டேனே என்று எனக்கு என்மேலேயே எரிச்சலாக இருந்தது. பிறகு அவள் என் காதைத் தொட்டு, இப்படியா பிடித்தார், இன்னும் இறுக்கியா என்று கேட்டாள். நான் காட்டினேன். மறுபடியும் எண்ணெயை ஊற்றித் தேய்க்கத் தொடங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை முன் திண்ணையான இஸ்தோப்பில் பாய் விரித்து அவர்களை உட்கார வைத்தார்கள். தலைவர், கணக்கப்பிள்ளை, அவருடைய அம்மா. தட்டில் வெற்றிலையும் பழமும். அத்தை தேத்தண்ணி கொண்டு வந்து எல்லோருக்கும் கொடுத்தாள். கொடுத்துவிட்டு உள்ளே போகாமல் அங்கேயே நின்றாள். கணக்கப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்து, “தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. எனக்கு இதுல விருப்பமில்ல,” என்றாள்.

அப்பாவின் முகத்தைப் பார்க்க நான் பயந்து கணக்கப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். அவர் கோபப்படவில்லை. “பரவால்ல. அவங்க இஷ்டம்தானே,” என்று சொல்லி, கோப்பையில் இருந்ததைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

அவர்கள் போன பிறகு அப்பா கத்தியது மேல் லயத்துக்கும் கேட்டிருக்கும். “கண்ட கதையப் படிச்சுப் படிச்சு இவளுக்கு ராசகுமாரன் கேக்குது! ஒரு மனுசன் வாசல் தேடி வந்தா வேணாங்கிறா!” பெட்டிக்கடியில் இருந்த நாவல்களை அள்ளி அடுப்பில் போட்டார். ஈரக் காற்றில் அவை உடனே பிடிக்கவில்லை. அட்டைப் பெண்களின் பெரிய கண்கள் வெகு நேரம் புகைந்தன. அம்மா மட்டும் மெதுவாக, “என்னத்தப் புள்ள கண்ட அவருகிட்ட?” என்றாள். “ஒண்ணுமில்ல மதினி,” என்றாள் அத்தை. அவள் சொல்லியிருந்தால்தான் என்ன ஆகியிருக்கும்? புருஷனாகப் போகிறவன் அடக்குகிறேன் என்றால் அதில் என்ன குற்றம் என்று லயத்தில் ஒருவருக்கும் விளங்கியிருக்காது. எனக்கும்தான்.

பெண்கள் அவளை மன்னிக்கவில்லை. வாசகிகளின் கோபம் அது. “நம்ம கையில அந்தப் பாகம் கெடச்சிருந்தா விட்டிருப்போமா?” என்று பக்கத்துக் காம்பரா அக்கா பொருமினாள். திங்கட்கிழமையிலிருந்து அத்தைக்குத் தனியாக மேல் மலையில் வேலை போட்டார்கள். ஏற்றம் கொடியது, அட்டைப்பூச்சி நிறைந்தது. சாயங்காலம் கொழுந்து நிறுக்கும்போது பாதியை முற்றல் என்று கழித்து அரைப்பேர் போட்டார் கணக்கப்பிள்ளை. சிரித்தபடி போட்டாராம். அத்தை இப்போது பதில் பேசுவதில்லை.

சில நாள் கழித்து ஒரு சாயங்காலம், புது நாவல் ஒன்றின் முதல் பாகம் யார் மூலமாகவோ அவள் கைக்கு வந்துவிட்டது. அப்பாவும் அம்மாவும் கோயிலில் பூசைக்குப் போயிருந்தார்கள். அட்டை கடித்த கால்களை நீட்டிக்கொண்டு படித்தாள். முகத்தில் அதே பழைய வெளிச்சம். எனக்கு ஆத்திரம் வந்தது.

“இந்தக் கதைல வர்றவரும் அதட்டுறவர்தானே? அவர வேணான்னுட்டு இவர மட்டும் எதுக்குப் படிக்கிறீங்க?”

“இவன் பேசுறது புடிக்கலன்னா நான் மூடி வச்சுரலாம்டா,” என்றாள், தலையை நிமிர்த்தாமல்.

அது எனக்குப் பதிலாகவே படவில்லை. அத்தை உள்ளுக்குள் வருந்துகிறாள், வீம்புக்காக வேண்டாம் என்று சொல்லிவிட்டு இப்போது தவிக்கிறாள் என்று முடிவு கட்டினேன். பாவமாக இருந்தது. என் சொந்த நஷ்டத்தைக்கூட மறந்து, பெரிய மனதோடு அவளுக்கு ஆறுதல் சொன்னேன்.

“கவலப்படாதீங்க அத்தை. கதைல பொம்பள வேணாம்னு சொன்னாத்தான் அவங்க விடவே மாட்டாங்க. போற எடமெல்லாம் பின்னாலேயே வருவாங்க. கணக்கப்பிள்ளையும் கட்டாயம் வருவாரு, பாருங்க.”

அத்தை படிப்பதை நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். பிறகு எழுந்து போய், கதவின் தாழ்ப்பாள் சரியாக விழுந்திருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தாள். குளிருக்குத்தான் தாழ்ப்பாளைப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். நல்ல வார்த்தை ஒன்று சொல்லிவிட்ட திருப்தியில், போர்வையில் அவளுக்கும் இடம் விட்டுத் தள்ளிப் படுத்துக்கொண்டேன்.